‘ஓடு’ வாரமும் கஜாவின் போட்டும்

எனக்கு எழுத்து சரியாக வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் ஆயா என்று மாலதி டீச்சர் விடாமல் கேட்டார். முடியாது என்று சொல்ல வெட்கம், எழுதவும் வெட்கம். மறதி வேறு. முன்னே பின்னே மாறியிருந்தால் பிள்ளைகள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதுப்பட்டினம் பக்கத்தில் நம் பள்ளியில் பெருக்குவதும் மணி அடிப்பதும் என் வேலையாக இருந்தன. ரிடையர் ஆவதற்கு முந்தைய வருஷம் நடந்ததைச் சொல்கிறேன்.

1. வேர் வந்தது

மாலதி டீச்சர் சயின்ஸ் எடுப்பவர். கேளம்பாக்கத்திலிருந்து பஸ்ஸில் வருவார். பெரிய சொல்லைக் கண்டாலே பிள்ளைகள் மிரள்கிறார்கள், பொருள் தெரியாமல் மனப்பாடம் செய்கிறார்கள் என்று அவருக்குக் கவலை. அதனால் வாரம் ஒரு வேர்ச்சொல் என்று ஏற்பாடு செய்தார். சார்ட்டில் ஒரு மரம் வரைந்து, அடியில் வேரை எழுதி, கிளைகளில் அதிலிருந்து வந்த சொற்களை எழுதுவார்கள். எல்லா டீச்சரும் அந்த வாரம் அந்த வேரைத் தங்கள் பாடத்தில் காட்ட வேண்டும்.

‘ஓடு’ வாரத்தில் சயின்ஸுக்கு மின்னோட்டம், இரத்த ஓட்டம். புவியியலுக்கு நீரோட்டம், ஓடை. தமிழுக்குக் கண்ணோட்டம். பி.டி. சாருக்குத் தொடர் ஓட்டம். தன் பாடத்தையும் பாடமாக மதித்தார்களே என்று அவர் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். கணக்கு சார் மட்டும், “என் பாடத்துல ஒண்ணும் ஓடாது டீச்சர், என்னப் பாத்தா புள்ளைங்கதான் ஓடும்” என்றார்.

பேப்பரில் நீளமான சொல் வந்தால் நான் தாண்டிப் போய்விடுவேன். அந்த மரங்களைப் பார்த்த பிறகு, உள்ளே இருக்கிற சின்னச் சொல்லைப் பிடித்துக்கொண்டு முழுவதையும் படிக்க வந்தது. ஒருவரிடமும் சொல்லவில்லை. ஏழாம் வகுப்பு அறை மட்டும் ஏன் இவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று ஹெச்.எம். சார் ஒருநாள் கேட்டார். சார்ட் அங்கேதான் மாட்டியிருந்தது.

2. மூன்றாவது கேள்வி

புதிய சொற்கள் வேண்டும் என்று டீச்சர் பிள்ளைகளை ஊருக்குள் அனுப்பினார். வேலை செய்கிறவர்களிடம் கேட்க மூன்று கேள்விகள் கொடுத்தார். உங்கள் வேலையில் எது ஓடும்? எங்கே ஓடும்? ஓடாவிட்டால் என்ன ஆகும்?

மீனவர் குப்பத்துப் பிள்ளைகள் விவரமாக ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போய்விட்டார்கள். பிரியா என்ற பெண் மட்டும் விடியற்காலையில் கடற்கரைக்குப் போனாள். திருக்கழுக்குன்றம் பக்கத்து விவசாயக் குடும்பம். அப்பா ஷேர் ஆட்டோ ஓட்ட இங்கே வந்தவர். மீன் பிடிக்கிற போட்டு கடலில் இறங்கும்போது ‘எங்கே போகிறாய்’ என்றுகூடக் கேட்கக் கூடாது என்பது அவளுக்குத் தெரியாது. டீச்சருக்கும் தெரியாது.

அன்றைக்கு முதல் பீரியட் மணி அடிக்கும்போது போட்டுக்காரன் கஜா, கூட நாலு ஆட்களோடு ஹெச்.எம். அறைக்குள் வந்தான். என் தம்பி வயசு.

“இன்னா சார் பள்ளிக்கூடம் நடத்துறீங்க? போட்டு எறக்கற நேரத்துல மூஞ்சிக்கு நேரா நின்னுகினு, ‘ஓடலன்னா இன்னா ஆவும்’னு கேக்குது ஒரு பொண்ணு! அதோட நின்னுச்சு இஞ்ஜினு. கவுறு இழுத்து இழுத்துத் தோளு கயண்டுபோச்சு!”

“வெறும் ஹோம்வொர்க்குங்க அது” என்றார் மாலதி டீச்சர்.

“எங்க பொழப்புதான் ஒங்களுக்கு ஹோம்வொர்க்கா? அந்த மரம் போட்ட தாளெல்லாம் கிழிங்க. இல்லன்னா குப்பத்துலருந்து ஒரு புள்ள வராது.”

ஹெச்.எம். சார் என்னைப் பார்த்தார். “ஆயா, சார்ட்டெல்லாம் கழட்டிடுங்க.”

எனக்குக் கை ஓடவில்லை. ‘ஓடு’ மரத்தில் பாதிக் கிளை இன்னும் படிக்கவே இல்லை. அந்த அறையில் நான் வாயைத் திறந்து பேசியதே கிடையாது. பேசாமல் போய்க் குடத்திலிருந்து ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து கஜா முன்னால் நீட்டினேன். கிளம்பும்போது தடங்கல் வந்தால் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கிளம்புவதுதானே வழக்கம்.

“உக்காரு நைனா. குடிச்சிட்டுப் போ” என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

கஜா சொம்பைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், உட்கார்ந்து குடித்தான். மற்ற நாலு பேரும் வரிசையாகக் குடித்தார்கள். கோபமும் கொஞ்சம் இறங்கியது.

“ஆயாவுக்காவ விடறேன். நாளைக்குக் கடலுக்குப் போறோம். மீனு பட்டா தாளு இருக்கட்டும். படலன்னா கிழிச்சிடணும். இன்னா சார்?”

ஹெச்.எம். சார் தலையாட்டிவிட்டார். இப்படியாக எங்கள் பள்ளியின் சொல் பாடம் கஜாவின் வலைக்குள் போய் மாட்டிக்கொண்டது.

3. மீனுக்காகக் காத்திருந்தது

மறுநாள் ஒரு வகுப்பும் உருப்படியாக நடக்கவில்லை. மீன் வாசனை வந்தாலே மூக்கைப் பொத்திக்கொள்கிற மாலதி டீச்சர், மீன் பட வேண்டும் என்று வேண்டிக்கொண்டார். அடிக்கொரு தடவை ஜன்னலுக்கு வந்து, “காத்து நல்லா இருக்கா ஆயா?” என்பார். “இருக்குதும்மா” என்பேன். எனக்கு என்ன தெரியும்? பிரியா சாப்பாட்டுத் தட்டைத் தொடவில்லை.

மத்தியானம் கஜா வந்தான். முகம் உர்ரென்று இருந்தது. “அந்தப் பொண்ணு எங்க?” என்றான். டீச்சர் பிரியாவைத் தன் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

அவன் ஒரு கூடையைக் கொண்டுவந்து டீச்சர் காலடியில் வைத்தான். கானாங்கெளுத்தி மீன். “போட்டுல மீனு கொள்ளல டீச்சர்! எல்லாம் அந்தப் பொண்ணு கேட்ட ராசி. நாளைக்கு அத அனுப்புங்க. அதே கேள்விய, அதே மாரி மூஞ்சிக்கு நேரா நின்னு கேக்கணும்.”

டீச்சர் மூக்கைப் பொத்திக்கொண்டே சிரித்தார். சார்ட் தப்பித்தது.

ஆனால் புது பேஜாரு பிடித்தது. அந்த வாரம் முழுக்க விடிந்தால் பிரியா வீட்டு வாசலில் போட்டுக்காரர்கள். “எங்க போட்டுக்கும் ஒருவாட்டி கேட்டுடு கண்ணு.” பிரியா முதல் பீரியடுக்கு வருவதே இல்லை. கடைசியில் டீச்சரே கடற்கரைக்குப் போய் நியாயம் கேட்டார். நானும் துணைக்குப் போனேன்.

“பொண்ணு படிக்க வாணாமாங்க?”

“படிக்கட்டும் டீச்சர், யாரு வாணாம்னா? கேட்டுட்டுப் போய்ப் படிக்கட்டும்.”

பேசிப் பேசி ஒரு முடிவு வந்தது. போட்டு இறங்கும்போது யாரும் எதுவும் கேட்பதில்லை. கரைக்கு வந்து, மீனைப் பிரித்து, நாஸ்தா முடிந்த பிறகு சனிக்கிழமைகளில் எல்லாப் பிள்ளைகளும் வந்து கேட்கலாம். அப்படிக் கேட்டபோது சொற்கள் மடமடவென்று வந்தன. ஒவ்வொரு காற்றுக்கும் ஒரு பெயர், ஒவ்வொரு நீரோட்டத்துக்கும் ஒரு பெயர். டீச்சருக்கு மரத்தில் எழுத இடம் போதவில்லை. கஜாவும் டீச்சரைப் பார்த்தால், “அடுத்த வாரம் இன்னா வேரு?” என்று கேட்க ஆரம்பித்தான்.

வேலை செய்கிறவரிடம் கேள்வி கேட்க நேரம் பார்க்க வேண்டும், பிள்ளைகளே. நான் கற்றது அதுதான். இன்னொன்று, நீளமான சொல்லுக்குப் பயப்பட வேண்டாம். உள்ளே ஒரு சின்னச் சொல் உட்கார்ந்திருக்கும்.

இதில் ‘ஓடம்’ என்பதும் ‘ஓடு’ மரத்தில் இருந்ததா என்று நினைவில்லை. தமிழ் டீச்சர் பார்த்துச் சொல்லட்டும். அன்றைக்குப் பட்டது கானாங்கெளுத்திதானா என்பதைக் கஜாவிடம் யாராவது கேட்டுத் திருத்திவிடுங்கள். கடலுக்குக் கிளம்பும்போது மட்டும் கேட்காதீர்கள்.