கவுண்டி பார்க்கும் துர்க்கா அக்கா

கிணற்றுத் தண்ணீரை வாயில் வைத்து உருட்டி, கண்ணை மூடி, மெல்ல விழுங்குகிறார் துர்க்கா அக்கா. "இரும்பு கூடிப்போச்சு" என்கிறார். கொப்பியில் தண்ணீருக்குப் பத்துக்கு ஆறு புள்ளி விழுகிறது. வீட்டை விற்க வந்த ஏஜென்ட், இவர் இன்னும் உள்ளேயே வரவில்லையே என்று கதவைத் திறந்தபடி நிற்கிறார்.

அக்காவுக்கு ஸ்காபரோவில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. வோபர்னில் பதினோராம் மாடியில் வீடு. சனிக்கிழமையானால் கணவர் குலசிங்கத்தை ஏற்றிக்கொண்டு ஒன்ராறியோ மாகாணத்தின் ஏதாவதொரு கவுண்டிக்கு, அதாவது மாவட்டத்துக்கு, புறப்பட்டுவிடுவார். கரண்டும் கடையும் ஒரு மாதம் நின்றுபோனாலும், தோட்டம் செய்து விறகு எரித்துச் சீவிக்கக்கூடிய ஒரு துண்டு நிலம் வேண்டும். ஆறு வருடமாகத் தேடுகிறார். அதே மாடியில் இருக்கும் நானும் சில தடவை பின் சீற்றில் போயிருக்கிறேன்.

ஏஜென்ட் சொல்லும் எதையும் அவர் எழுதுவதில்லை. "அவர் விக்க வந்தவர். இருக்கிற சனத்தையெல்லோ கேக்கோணும்." நேரே அந்த ஊர்க் கடைக்குப் போவார். கடைசி உறைபனி எப்போது விழும், புயலுக்குப் பிறகு றோட்டில் பனி வழிக்க எத்தனை நாள், கரண்ட் நின்றபோது யார் முதலில் வந்து கதவைத் தட்டினார்கள் என்று விசாரிப்பார். ஒரு கடைக்காரி வெகுநேரம் யோசித்துவிட்டு, ஒருவரும் வரவில்லை என்றார். அந்தக் கவுண்டிக்கு அங்கேயே குறுக்குக்கோடு. வெளியேற ஒரே பாதை உள்ள ஊரும் கூடாது. "தொண்ணூற்றைஞ்சில சண்டைக்குள்ள ஊரைவிட்டு வெளிக்கிடேக்க சனம் முழுக்க ஒரு றோட்டில நிண்டதை நான் பாத்தனான்."

குலசிங்கம் அண்ணைக்கு இதிலெல்லாம் அக்கறை இல்லை. வசந்தத்தில் வந்த மாரடைப்புக்குப் பிறகு, காரிலேயே நித்திரை.

போன ஒக்டோபரில் ஹேஸ்டிங்ஸ் பக்கம் ஓர் இடம் பார்த்தோம். தண்ணீருக்கு ஒன்பது. நல்ல கறுத்த மண். மூன்று பாதை. எதிர்வீட்டுக்காரர் கேட்காமலே ஒரு பூசணிக்காயைக் கொண்டுவந்து தந்தார். அண்ணை முதன்முறையாகக் காரைவிட்டு இறங்கி, ஆப்பிள் மரங்களுக்கிடையே ஒரு சுற்று நடந்து வந்து, "வாங்குவம், துர்க்கா" என்றார்.

அக்கா கொப்பியின் கடைசி வரியைப் பார்த்தார். அண்ணையின் ஆஸ்பத்திரிக்கு இரண்டரை மணித்தியாலம். ஏஜென்டுக்கு நன்றி சொல்லி, வேண்டாம் என்றுவிட்டார்.

கார் நெடுஞ்சாலைக்கு ஏறியது. அண்ணை, "எனக்காண்டி இந்த இடத்தை விடாதையும்" என்றார்.

"உங்களுக்காண்டியோ? அந்தாள் தந்த பூசினிக்காயைப் பாத்தனீங்களே, ஒரு பக்கம் அழுகல்."

என் மடியில் இருந்த காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்லை.

வழியில் கோப்பி குடிக்க நிறுத்தினோம். அக்கா ஒன்ராறியோ வரைபடத்தை மேசையில் விரித்தார். அண்ணையின் இதய வைத்தியர் இருக்கும் ஆஸ்பத்திரியைத் தேடிப் பிடித்து, அதன்மேல் கோப்பிக் கப்பின் மூடியைக் கவிழ்த்து வைத்து, சுற்றிவரப் பேனையால் ஒரு வட்டம் கீறினார்.