மங்கையர்க்கரசியின் இரட்டை முடிச்சு

மங்கையர்க்கரசி ஏழாவது பெண்ணுக்கு ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தார். இரும்பு பெஞ்சின்மேல் காலைத் தூக்கி வைக்க வேண்டும். அவர் நின்றபடியே குனிந்து இரட்டை முடிச்சுப் போடுவார், கணுக்காலைக் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்துவார், "சல், அடுத்த ஆள்" என்பார். பதினோரு பேருக்கும் அவர்தான் கட்டுவார். இவ்வளவு வளர்ந்த பெண்களுக்கு லேஸ் கட்டத் தெரியாதா என்று, ஆட்டம் பார்க்க வந்த நான் கேட்டுத் தொலைத்தேன்.

"நல்லாத் தெரியும். வலிச்சா மறைக்கவும் தெரியும். அதுக்குத்தான் நான் கட்டறேன்."

வயது முப்பத்தொன்றுதான், அதட்டலில் ஐம்பது. அப்பா ஜோலார்பேட்டையிலிருந்து இந்த மராத்தி ஊருக்கு மாற்றலாகி வந்த ரயில்வே பிட்டர். கோர்படி ரயில்வே குடியிருப்புப் பையன்களோடு பந்து உதைத்துப் பழகி, பதினேழு வயதில் மாநில அணிக்குப் போனவர். இப்போது ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியை, காலையும் மாலையும் இந்தப் பெண்களுக்குப் பயிற்சியாளர். ஆட்டம் நடக்கும்போது விசிலைப் பல்லில் கடித்துக்கொண்டே நிற்பார், ஊதவே மாட்டார். அந்தப் பிளாஸ்டிக் விசில் முழுக்கப் பல் தடம்.

இடது முழங்கால் மடங்காது. ஆட்டோவில் ஏறினால் அந்தக் கால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு பயணம் செய்யும். தொண்ணூற்றைந்தில் தேசிய அணித் தேர்வின்போது, வீங்கிய முழங்காலை உறை போட்டு மறைத்துக்கொண்டு இறங்கினாராம். "இருபது நிமிஷம் ராணி மாதிரி ஆடினேன். எட்டு வருஷமா தரையில உக்காந்து ஒரு வாய் சாப்பிட முடியல."

அன்று மாவட்ட இறுதி ஆட்டம். மாநில ஜூனியர் அணிக்கு ஆள் எடுக்க மூன்று தேர்வாளர்கள் ஷாமியானாவுக்குள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் பார்க்க வந்தது ஒன்பதாம் எண் ப்ரீத்தியை. போசரியில் ஆலைத் தொழிலாளியின் மகள். இந்த வருடத்தோடு ஜூனியர் வயது தாண்டுகிறது. தேர்வாகாவிட்டால் திங்கள்கிழமை முதல் சாகண் தொழிற்பேட்டையில் வேலைக்குப் போவதாக அப்பாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள்.

கடைசி ஆளாக வந்தாள். லேஸ் ஏற்கெனவே கட்டியிருந்தது. கச்சிதமான இரட்டை முடிச்சு.

"யாரு கட்டினா?"

"நானேதான் அக்கா. ஜல்தி ஆகட்டும்னு."

"காலை மேல வை."

"அக்கா, ப்ளீஸ். இன்னிக்கு மட்டும். அவங்க பாக்கறாங்க."

"வை ரே."

வைத்தாள். கட்டைவிரல் அழுந்தியது. ப்ரீத்தி பெஞ்சின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். கண் நிரம்பிவிட்டது.

"எப்போலேர்ந்து?"

"முந்தாநேத்து. பத்து நிமிஷம் போதும் அக்கா. ஒரு கோல் போட்டுட்டு வந்துடறேன்."

எதிரணி மைதானத்தில் இறங்கிவிட்டது. நடுவர் கடிகாரத்தைப் பார்த்தார். ஷாமியானாவிலிருந்து ஒருவர் "நைன் நம்பர் குட்டே?" என்று, ஒன்பதாம் எண் எங்கே என மராத்தியில் விசாரித்தது எங்கள் காதிலேயே விழுந்தது. விட்டுவிடுங்களேன், பத்து நிமிடம்தானே என்று நானே சொல்ல வாயெடுத்தேன். அவ்வளவுதான் என் அறிவு. மங்கையர்க்கரசி விசிலைக் கடித்தபடி ஷாமியானாவைப் பார்த்தார், அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தார். அவருக்கும் அவளை இறக்கிவிட ஆசை இருந்தது. சத்தியமாக இருந்தது.

"நான் இருபது நிமிஷம் ஆடினேன்" என்றார், மெல்ல.

பிறகு பெஞ்சைப் பிடித்துக்கொண்டு, விசிலை இன்னும் இறுகக் கடித்து, அந்த மடங்காத காலைச் செம்மண்ணில் நீட்டி, தரையில் உட்கார்ந்தார். ப்ரீத்தியின் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். முடிச்சு விரலுக்கு மசியவில்லை. விசிலைத் துப்பிவிட்டுக் குனிந்து, லேஸைப் பல்லால் கடித்து அவிழ்க்க ஆரம்பித்தார்.