பச்சைக் காகிதத்தின் வழியே ஒரு புடவை

என் அலுவலக மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் இருக்கிறது. விரித்துப் பிடித்த பட்டுப் புடவை; அதன் மேல் விளிம்பில் இரு பக்கமும் விரல் நுனிகள். விரல்கள் என் பெரியம்மாவுடையவை. டிஜிட்டல் கேமராவில் ஒளியை வாங்கும் சென்சாரைச் சோதிப்பது என் வேலை. அந்த வேலையின் பெரிய சிக்கலை அவள் காஞ்சிபுரத்தில், அறுபதுகளின் கடைசியிலேயே பார்த்துவிட்டாள்.

டெல்லிக் கண்காட்சிக்குப் புடவையின் படத்தை முதலில் அனுப்ப வேண்டும். படம் அவர்களுக்குப் பிடித்தால்தான் புடவையைக் கேட்பார்கள். வீடே கூடிப் பொறுக்கியது இலைப்பச்சை உடலும் அரக்குக் கரையுமாக அவள் நெய்ததை. கண்ணைப் பறிக்கும் சேர்க்கை. ஆனால் ஸ்டுடியோக்காரர் கழுவிக் காட்டிய படத்தில் பச்சையும் அரக்கும் ஒரே சாம்பல். தனிக் கரையை உடலோடு கோத்து நெய்யும் கோர்வைதான் அவள் பெருமை, அதையே காணோம். எங்கள் புத்திசாலித்தனத்தை என்ன சொல்ல! மறுநாள் தபாலில் சேர்க்க வேண்டும். எல்லோரும் ஸ்டுடியோக்காரரைத் திட்ட, அவள் மட்டும் யோசித்து, அவருடைய கேமராவைக் காட்டிச் சொன்னாள்.

"கருட சேவையில பச்ச வெளக்கு கீழ நின்னா செவப்புப் பொடவ கறுப்பாத் தெரியுதுபா. வெளக்குல சுத்துற அந்தக் கண்ணாடிக் காயிதத்த உன் பொட்டி கண்ணுல கட்டிப் பாரேன்."

"காயிதம் வெளிச்சத்த முழுங்கிடும்மா. பத்து எண்ணுற வரைக்கும் பொடவ ஆடக் கூடாது" என்றார் அவர்.

ஆணியில் மாட்டினால் காற்றுக்கு ஆடும் என்று அவளே புடவைக்குப் பின்னால் போய் நின்று, கைகளை விரித்துப் பிடித்துக்கொண்டாள். அவர் எண்ணி முடிக்கும்வரை அவள் மூச்சு விட்டதாகத் தெரியவில்லை. படத்தில் கரை கறுத்து, உடல் வெளுத்து, கோர்வை பளிச்சென்று வந்தது.

இன்றைய சென்சாரிலும் ஒவ்வொரு புள்ளியின் மேலும் ஒரு வண்ண வடிகட்டி உண்டு. நிறத்தைப் பிரித்துக் கொடுத்துவிட்டு வெளிச்சத்தில் பெரும்பங்கைத் தின்றுவிடும். எடுத்துவிட்டால் இருட்டிலும் படம் தெளியும், நிறம் போய்விடும். சில புள்ளிகளை மட்டும் வடிகட்டி இல்லாமல் விடலாம் என்கிறது புதிய வழி. எத்தனை புள்ளிகளை என்று நாங்கள் கூடிக்கூடி வாதாடுகிறோம். எனக்கு அப்போதெல்லாம் பெரியம்மா ஞாபகம்தான்.

புடவை தேர்வானது. கடிதம் நெசவாளர் சங்கத்தின் பெயருக்கு வந்தது. அவள் பெயர் அதில் எங்கும் இல்லை. எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை. இன்று காலையும் பூதக்கண்ணாடியை வைத்துப் படத்தைப் பார்த்தேன். வெளியே தெரியும் எட்டு விரல்களில் ஒன்றுகூட அசையவில்லை.