கூட இருக்க ஆள்

பக்கத்து வீட்டிலிருந்து பூண்டும் மிளகும் நல்லெண்ணெயில் வதங்கும் வாசனை வந்தது. பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி போயிருந்த அந்த வீட்டுப் பெண் நேற்றுதான் குழந்தையோடு திரும்பியிருந்தாள்.

எனக்கு எட்டு வயதானபோது, பிறந்த மறுநாளே தம்பி இறந்துபோனான். அம்மா மாதக்கணக்கில் சரியாகச் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துக் கிடந்தாள். அப்போது நாங்கள் ஜூஜுவாடியில் வரிசை வீடொன்றில் இருந்தோம். திருநெல்வேலியிலிருந்து கம்பெனி வேலைக்கு வந்திருந்த ஒருவர் ஒருநாள் வாசலில் வந்து நின்றார்.

"வீட்டுக்காரிக்கு வலி எடுத்துட்டு, அக்கா. கூட இருக்க ஆளு இல்ல."

அம்மா எழுந்து போனாள். மறுநாள் வந்து இதே பத்தியக் குழம்பை வைத்தாள். அந்தப் பெண்ணுக்குத் தூக்கில் ஊற்றியது போக, மீதியைப் பிசைந்து தானும் வயிறாரச் சாப்பிட்டாள்.

அதன்பிறகு துணையில்லாத எந்தப் பெண்ணுக்கு வலி வந்தாலும், ரோஜாத் தோட்டத்துக் கூலியை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவாள்.

"உனக்கெதுக்கு இந்த வேலை?" என்பார் அப்பா.

"அங்க போயி உக்காந்தாத்தான் எனக்குச் சோறு எறங்குது."

இப்போது அவளுக்கு முட்டி மடங்குவதில்லை. கூப்பிடவும் யாரும் வருவதில்லை. இத்தனை வருடம் வாய்திறக்காதவள், "அவன் கை சில்லுனு இருந்துச்சு" என்று தம்பியைப் பற்றியே சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

வாசனை அவளுக்கும் எட்டியிருக்க வேண்டும். தலையைத் திருப்பினாள்.

"அந்தப் புள்ளைக்குக் கூட யாரு இருக்கா?"

"அவங்கம்மா ஊர்லருந்து வந்திருக்காங்கம்மா."



"அப்ப நான் வேணாம்," என்று போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டாள்.