நான் காரை மாற்றிவிட்டு வருவதற்குள் பொருளாளர்

சங்கத்துப் பொருளாளர் பதவி யாரும் கேட்டு வாங்காதது. கிடைத்த பிறகோ எல்லோரும் கேள்வி கேட்பது. உங்களில் யாராவது ஒரு சங்கத்தின் வங்கி அட்டையைக் கைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்திருந்தால், என் நிலை சொல்லாமலே விளங்கும். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போங்கள்.

ஏகமனதாக

கிழக்கு லண்டன் குட்மேய்ஸில் எங்கள் பிள்ளைகள் சனிக்கிழமைகளில் தமிழ் படிக்கும் பள்ளிக்கூடத்துக்கு ஒரு பெற்றோர் சங்கம் உண்டு. மகளின் வகுப்பை மாற்றுவது பற்றிக் கேட்கத்தான் அதன் ஆண்டுக் கூட்டத்துக்குப் போனேன். தலைவர் பதவிக்கு மூன்று பேர் போட்டி. பலசரக்குக் கடை வைத்திருக்கும் குலம் அண்ணை வென்றார். செயலாளருக்கு இரண்டு பேர். பொருளாளர் யார் என்று கேட்டதும் மண்டபமே தலையைக் குனிந்து போனைப் பார்த்தது. அந்த நேரம் பார்த்து, வெளியே பார்க்கிங் அபராத டிக்கெட் எழுதுகிறவர் வருகிறார் என்று யாரோ சொல்ல, காரை வேறு இடத்துக்கு மாற்றிவிட ஓடினேன்.

திரும்பி வந்தபோது எல்லோரும் கைதட்டினார்கள். டிக்கெட்டிலிருந்து தப்பியதற்குத்தான் தட்டுகிறார்கள் என்று நினைத்து நானும் சிரித்தேன். விஷயம் விளங்கியதும், ஆள் இல்லாத நேரத்தில் எப்படித் தெரிவு செய்யலாம் என்று குலம் அண்ணையிடம் கேட்டேன். அவர் அமைதியாகச் சொன்னார்: “ஒருத்தரும் எதிர்க்கேல்லை, தங்கச்சி. நீங்களும் எதிர்க்கேல்லைத்தானே.”

முந்தினவர்

வங்கிக் கணக்கில் என் பெயரைச் சேர்க்க முந்தின பொருளாளரின் கையொப்பம் வேண்டும் என்றார்கள். அவர் கனடாவுக்குக் குடிபோய் எட்டு மாதம். அனுப்பிய படிவம் ஒருமுறை தபாலில் தொலைந்தது. மறுமுறை அவர் கையொப்பம் பழைய கையொப்பம் போல இல்லை என்று வங்கி திருப்பி அனுப்பியது. கடைசியில் பொறுக்கமுடியாமல் அவருக்குப் போன் எடுத்து, பொறுப்பை ஒருவரிடம் கொடுக்காமல் இப்படிப் போகலாமா என்று கேட்டேன். அவர் கோபிக்கவே இல்லை. “நாலு வருசமா ஆள் தேடினனான், பிள்ளை. ஒருத்தரும் கிடைக்கேல்லை. கனடா விசாதான் கிடைச்சது.”

பொன்னிறக் கதிரை

நாங்கள் ஜெர்மனியிலிருந்து லண்டனுக்கு வந்த புதிதில் என் கணவருக்கு வேலை இல்லை. தன் கடையில் முதல் வேலை கொடுத்தவர் குலம் அண்ணை. அவர் கேட்டு நான் எதையும் மறுத்தது கிடையாது.

அவர் ஆண்டு விழாவுக்காக, உட்காரப் பொன்னிறக் கதிரைகள் போட்ட திருமண மண்டபம் ஒன்றைப் பேசிவிட்டு வந்தார். வங்கிக் கணக்கில் ஒருவழியாக என் பெயர் சேர்ந்துவிட்டதால், முற்பணத்துக்கு என் கையொப்பம் வேண்டும். சங்கத்தில் இருந்ததோ வகுப்பறை வாடகைக்கும் ஆசிரியைகளின் போக்குவரத்துக்கும் ஒதுக்கிய காசு. அதைத் தொட்டால் ஈஸ்டர் விடுமுறைக்குப் பிறகு வகுப்பு நடத்த முடியாது. இரண்டு நாள் கறியில் உப்புப் போட மறந்தேன். என் கணவர் தானே உப்பைப் போட்டுக்கொண்டு சாப்பிட்டார். மூன்றாம் நாள் கடைக்குப் போய், வெங்காய மூட்டைக்கும் முருங்கைக்காய்ப் பெட்டிக்கும் நடுவில் நின்று, கையொப்பம் போடமாட்டேன் என்று சொன்னேன்.

அவர் ஏசவில்லை. ஒருவருக்கு வெங்காயம் நிறுத்துக் கொடுத்தார், மிச்சக் காசைக் கொடுத்தார், பிறகு என் பக்கம் திரும்பினார். “உங்கட மனுசனுக்கு வேலை குடுக்கேக்க நான் கணக்குப் பார்க்கேல்லை, தங்கச்சி.”

சரிசமம்

விழா பள்ளிக்கூட மண்டபத்திலேயே, நீலப் பிளாஸ்டிக் கதிரைகளில் நடந்தது. பிள்ளைகள் நன்றாக ஆடினார்கள். குலம் அண்ணை மட்டும் அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. அடுத்த ஆண்டுக் கூட்டத்தில், என்னை யாரோ மறுபடி முன்மொழிய, அவர் எழுந்து செந்திலை முன்மொழிந்தார். மதுரைக்காரர்; லண்டனின் வங்கி வட்டாரமான சிட்டியில் பெரிய நிறுவனமொன்றில் ஆடிட்டர். தன் பெயரைக் கேட்டு அவரும் திடுக்கிட்டதைப் பார்த்தால், அவருக்கும் அப்போதுதான் தெரியும் போலிருந்தது.

விட்டது தொல்லை என்று வீட்டில் பலமுறை சொன்னவள் நான். ஆனால் வாக்குச் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரிக்கப் பிரிக்க, என் பெயருக்கு எத்தனை என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். வெல்ல வேண்டும் என்ற ஆசை எனக்குள் இருந்தது எனக்கே புதினமான செய்தி.

இரண்டு பேருக்கும் சம வாக்கு. செயலாளர் சங்கத்தின் விதிகளைப் புரட்டி, இப்படி வந்தால் தலைவரின் வாக்குத்தான் முடிவு என்று வாசித்தார். அந்தக் கூட்டம் முடியும்வரை தலைவர் குலம் அண்ணை. என் கணவர் என் கோட்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். நானும் கைப்பையை மூடினேன்.

குலம் அண்ணை கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு, ஒரு வருடத்துக்குப் பிறகு முதல்தடவையாக என்னை நேரே பார்த்தார். “செந்தில் தம்பி கெட்டிக்காரன், அதில சந்தேகமில்லை. ஆனா எனக்கே ஏலாதெண்டு சொன்ன ஆள் இவதான். இவவே இருக்கட்டும்.”

காசு கேட்டு வருகிற எவருக்கும் இல்லை என்று சொல்ல நன்றாகப் பழகிவிட்டேன். இந்தப் பதவிக்கு மட்டும் அதை எப்படிச் சொல்வதென்றுதான் இன்னும் தெரியவில்லை.