அவனுக்கு நிற்க ஒரு ஆள்

காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி இன்னும் இறங்காதிருந்த காலத்தில், கொலை செய்தவனைவிட அவனுக்காக வாதாடப் போகிறவருக்குத்தான் ஆபத்து அதிகம் என்று நான் உறுதியாக நம்பினேன். காரணம் இல்லாமல் இல்லை. கொலை செய்தவன் பத்திரமாகச் சிறைக்குள் இருந்தான். வாதாடக்கூடியவரோ நான் இருந்த வீட்டில் இருந்தார்.

அவர் என் மாமா, அம்மாவின் அண்ணன். எங்கள் கிராமமான சுரக்குடியில் இருந்தால் மாட்டோடு மாடாகிவிடுவேன் என்று அப்பா என்னை அவர் வீட்டில் விட்டுப் படிக்கவைத்தார். மாமா வக்கீல். கோர்ட்டில் பிரெஞ்சு பேசுவார், வீட்டில் அத்தை பேசுவதைக் கேட்பார்.

அந்த வருஷம் மீனவர் ஊரான கோட்டுச்சேரிமேட்டில் வலை அறுந்த தகராறு ஒன்றில் ஒருவன் இன்னொருவனைக் கத்தியால் குத்திவிட்டான். குத்துப்பட்டவன் கடற்கரை மணலிலேயே போய்விட்டான். எல்லோருக்கும் வேண்டிய பிள்ளையாம். மேட்டுப் பஞ்சாயத்து கூடி ஒரு கட்டுப்பாடு போட்டது: குத்தியவனுக்கு எந்த வக்கீல் நின்றாலும் சரி, அந்த வீட்டுக்கு ஒரு துண்டு மீன் போகக்கூடாது. சிரிக்காதீர்கள். எங்கள் ஊர் வக்கீல்கள் சர்க்காரை எதிர்ப்பார்கள், சாமியைக்கூட எதிர்ப்பார்கள். மீன் இல்லாத சோற்றை எதிர்க்க ஆள் கிடையாது. ஒருவருக்குக் காய்ச்சல் வந்தது. இன்னொருவருக்கு நாகப்பட்டினத்தில் அவசர வேலை வந்தது. மூன்றாமவருக்குத் திடீரென்று காது மந்தமானது. கொலை வழக்கில் கூண்டில் நிற்பவனுக்கு வக்கீல் இல்லாமல் விசாரணை தொடங்கக்கூடாது என்பது பிரெஞ்சுச் சட்டம். ஆகவே வழக்கு வாய்தா மேல் வாய்தாவாகத் தள்ளிப்போனது.

“நீங்க போயி நின்னுடாதீங்க” என்று அத்தை தினமும் இலை போடும்போது சொல்வார். “கொலகாரனுக்குப் பேசுன வாயோட இந்த வீட்டுல சோறு கேக்கப்படாது.”

மாமா ரசம் கேட்பார்.

செத்தவனின் தாய் எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருகிற அம்மாதான். மகன் போனபிறகு அவர் வரவில்லை. ஒருநாள் காலையில் கொல்லைக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றார். தலையில் கூடை. “ஐயா இருக்காங்களா?” என்று கேட்டுக்கொண்டே கூடையை இறக்கி, அதிலிருந்த அரிவாள்மனையை எடுத்துத் தன் எதிரில் வைத்தார். வீட்டுவாசலிலேயே மீனை ஆய்ந்து கொடுப்பது அவர்கள் வழக்கம். ஒருநாள் விட்டு ஒருநாள் நான் பார்த்திருந்த அரிவாள்மனைதான். ஆனால் அன்று அது மாமாவின் கழுத்துக்காகவே தீட்டப்பட்டதாக எனக்குப் பட்டது.

“மாமா, வெட்ட வந்துட்டாங்க!” என்று கத்தினேன். வீரனாக இருந்தால் மாமாவிடம் ஓடியிருக்க வேண்டும். என் கால்கள் என்னைக் கேட்காமலே மாமரத்துக்கு ஓடின. உச்சாணிக் கிளைக்குப் போனபிறகுதான் அது முசுறுகளின் ஊர் என்று தெரிந்தது. இறங்கினால் அரிவாள்மனை, இருந்தால் எறும்பு. அரைக்கால்சட்டைக்குள் கடி வாங்கியபடியே கீழே நடந்ததெல்லாம் கேட்டேன்.

“ஐயா, அவனுக்கு நீங்க நில்லுங்க” என்றார் அந்த அம்மா.

அத்தைக்குக் கையிலிருந்த சொம்பு நழுவியது. “ஏம்மா, புத்தி கித்தி பெரண்டுபோச்சா? ஒன் புள்ளயக் கொன்னவனுக்கா?”

“வக்கீலு இல்லாம கேசு எடுக்கமாட்டங்குறாங்களே. எம்புள்ள எப்புடிச் செத்தான்னு ஒருத்தராச்சும் ஒக்காந்து கேக்க வேணாமாங்க?”

மாமா கொல்லைப் படியில் வந்து உட்கார்ந்தார். பிறகு, “நான் ஒப்புக்கு நிக்கமாட்டேன்மா. நின்னா அவனக் காப்பாத்தத்தான் நிப்பேன். ஒன்னையே கூப்புட்டுக் கேப்பேன். ஒம்புள்ளயப் பத்திக் கேக்கப்படாததெல்லாம் கேப்பேன்” என்றார்.

அந்த அம்மா அரிவாள்மனையைக் கூடைக்குள் எடுத்து வைத்தார். “கேளுங்க” என்றார். எழுந்தபோது அத்தையைப் பார்த்து, “மீனுக்குக் கவலப்படாதீங்க. எங்கூடய மறிக்க எவனுக்கு வாயிருக்கு?” என்றார்.

மரத்திலிருந்து என்னை இறக்க ஏணி வரவேண்டியிருந்தது. “இவருதான் எனக்குக் காவல்” என்று மாமா ஏணி கொண்டுவந்தவரிடம் அறிமுகம் செய்தார்.

விசாரணையன்று நான் கோர்ட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தேன். மேட்டு ஆட்கள் ஒவ்வொருவராக ஏறி, குத்தியதைப் பார்த்தோம், அதற்கு முன்னால் நடந்ததைப் பார்க்கவில்லை என்றார்கள். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கண் திறந்திருக்கிறது. கடைசியாக அந்த அம்மா ஏறினார். மாமா வீட்டில் ரசம் கேட்கிற குரலிலேயே கேட்டார்:

“மொதல்ல துடுப்ப ஓங்குனது யாரு?”

கூண்டிலிருந்தவன் தலைகுனிந்திருந்தான். அந்த அம்மா முந்தானையை வாயில் வைத்து, எடுத்து, மறுபடி வைத்தார்.

“எம்மவன்தான்” என்றார். “குடிச்சிருந்தான். ரெண்டு அடி விழுந்தப்பறம்தான் அவன் கத்திய எடுத்தான்.”

அந்தப் பதில் அவன் தலையைக் காப்பாற்றியது. ஜெயில்தான் தீர்ப்பு. மேட்டு ஆண்கள் எழுந்த வேகத்தைப் பார்த்ததும், அன்றே எங்கள் வீடு கொளுத்தப்படும் என்று முடிவுசெய்து, மாமாவின் கறுப்பு அங்கிக்குள் பாதி உடம்போடு புகுந்துகொண்டேன். அவர் என்னை இழுத்துக்கொண்டே வெளியே வந்தார்.

யாரும் எங்களைத் தொடவில்லை. மாமாவைப் பார்க்கக்கூட யாருக்கும் மனமில்லை. மேட்டுக்குப் போகிற மாட்டுவண்டிகளில் ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். குத்தியவனின் மனைவி இடுப்பில் குழந்தையோடு ஓரமாக நின்றாள். அவள் எந்த வண்டியை நெருங்கினாலும் அதில் இடம் இல்லாமல் போனது. கடைசி வண்டியில் அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். அழுது முடித்த முகம். கொஞ்சம் நகர்ந்து, பக்கத்துப் பலகையை உள்ளங்கையால் தட்டினார்.

“ஏறு புள்ள. பொழுது போவுது.”

வண்டியிலிருந்த ஆண்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். அவள் ஏறினாள். குழந்தையை அந்த அம்மா வாங்கிக்கொள்ளவில்லை. அவளிடம் ஒரு வார்த்தை பேசவும் இல்லை. வண்டி போயிற்று.

ஒரு சண்டையாவது நடக்கும் என்று எதிர்பார்த்திருந்த எனக்குச் சப்பென்று இருந்தது. மாமா வண்டி மறைகிறவரை அங்கியைக் கழற்றாமல் நின்றார்.

“மாமா, அந்தம்மா யாரு கட்சி?” என்று கேட்டேன்.

அவர் அங்கியைக் கழற்றி மடித்துக் கையில் போட்டுக்கொண்டார். காதில் விழவில்லை போலிருக்கிறது என்று, அதையே இன்னும் உரக்கக் கேட்டேன்.