வாழைத் தோட்டத்தில் புதைத்த பால்மா

மாமா இரண்டு பால்மாத் தகரப் பேணிகளை வாழைத் தோட்டத்தில் புதைத்த செய்தி மாமி சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் கம்பஸால் வந்து சைக்கிளை நிறுத்தும்போது, மாமி குசினி வாசலில் பால் இல்லாத வெறுந்தேத்தண்ணியோடு நின்றார்.

"பிள்ளை, உங்கடை மாமா இண்டைக்கு ஒரு அடக்கம் செய்தவர்," என்றார்.

எண்பத்தாறாம் ஆண்டின் கடைசி மாதங்கள் அவை. நான் கலியாணம் முடித்து நீர்வேலியில் கணவர் வீட்டுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. கணவர் கிளிநொச்சியில் படிப்பித்துக்கொண்டிருந்தார், சனிக்கிழமைகளில்தான் வருவார். நான் சைக்கிள் தூரத்தில் இருந்த திருநெல்வேலியில், பல்கலைக்கழகப் பௌதிக ஆய்வுகூடத்தில் வேலை செய்தேன். மாமா அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்து இளைப்பாறியவர். அதற்குப் பிறகு வாழையும் வானொலியும்தான் அவருடைய உத்தியோகம்.

ரஷ்யா என்று நாங்கள் அப்போது சொன்ன நாட்டில் அந்தப் பெரிய அணு உலை வெடித்ததும் அதே வருடம்தான். அந்தப் பயமே இன்னும் அடங்கவில்லை. அதற்குள் ஐரோப்பாவில் வேறெங்கோ ஒரு அணுமின் நிலையத்தில் குழாய் கசிந்து சிறிது கதிர்வீச்சு வெளியேறிவிட்டதாகவும், பயப்பட ஒன்றுமில்லை என்றும் வானொலியில் சொன்னார்கள். அந்தக் கடைசி வரிதான் மாமாவைப் பயப்படுத்தியது.

"பயப்பட ஒண்டுமில்லையெண்டு மேலிடம் சொன்னால் என்ன கருத்தெண்டு எனக்குத் தெரியும், பிள்ளை. அப்பிடிக் கடிதங்கள் நானே எத்தினை எழுதியிருப்பன்."

எங்கள் பால்மா ஐரோப்பாவிலிருந்து வருவது. அதனால்தான் அந்த அடக்கம்.

"அது போன தையிலை அடைச்ச பேணி, மாமா. குழாய் கசிஞ்சது இந்தக் கிழமை," என்றேன்.

"காத்துக்குத் திகதி தெரியுமோ?"

பௌதிகத்தில் சிறப்புப் பட்டம் எடுத்த நான் என்னுடைய வெறுந்தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன்.

மாமிக்கு விஞ்ஞானத்தில் அக்கறை இல்லை, பால்தேத்தண்ணியில் இருந்தது. "மேலை ஹெலி சுத்துது, ஆமி இருக்கிற கோட்டைப் பக்கமிருந்து ஷெல் வருகுது. அதுக்கெல்லாம் பயப்பிடாத மனிசன் பால்மாவுக்குப் பயப்பிடுறார்," என்று கிணற்றடியில் நின்று சுவருக்குச் சொன்னார். சுவருக்கு அந்தப் பக்கம் மாமா வாழைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார்.

ஒரு கிழமையில் நிலைமை மோசமாகியது. புதைத்த இடத்திலிருந்து விஷம் வேரில் ஏறியிருக்கும் என்று மாமாவுக்கு அடுத்த யோசனை வந்தது. பக்கத்து மூன்று வாழைகளின் குலைகளை வெட்டவேண்டாம் என்றார். குலைகள் மரத்திலேயே பழுத்தன. அணில்கள் வந்து தின்றன. மாமி தினமும் போய் அணில்களைப் பார்த்துவிட்டு வந்து, "சுகமாய்த்தான் இருக்குதுகள்," என்று அறிவித்தார்.

இனிப் பொறுக்க முடியாது என்று, ஆய்வுகூடப் பொறுப்பாளரிடம் கையெழுத்து வைத்து, கதிர்வீச்சை அளக்கும் கைகர் கருவியை ஒருநாளைக்கு இரவலாக வாங்கினேன். துணியால் சுற்றி சைக்கிள் கரியரில் கட்டி, இருபாலை, கோப்பாய் வழியாக, குழிகளுக்கெல்லாம் இறங்கி இறங்கி உருட்டிக்கொண்டு வந்து சேர்ந்தேன்.

நான் விட்ட பிழை, விளக்கம் சொல்லமுதல் கருவியைப் போட்டதுதான். முற்றத்தில் வைத்து சுவிச்சைத் திருப்பியதும் அது "டிக்... டிக்டிக்..." என்று அடித்தது. மாமா இரண்டு அடி பின்னால் போனார்.

"பாத்தீரே?" என்று மாமியைக் கேட்டார்.

"இல்லை மாமா, இது எங்கை வைச்சாலும் அடிக்கும். மண்ணிலையும் வானத்திலையும் இயற்கையாய் இருக்கிறது. இதைவிடக் கூடினால்தான் யோசிக்கவேணும்."

மாமா மண்ணையும் வானத்தையும் ஒருமுறை பார்த்தார். அவை இரண்டிலும் அவருக்கு இருந்த நம்பிக்கை அன்று கொஞ்சம் குறைந்தது என்று நினைக்கிறேன்.

பிறகு மண்வெட்டியால் பேணிகளைத் தோண்டி எடுத்தோம். கருவி முற்றத்தில் அடித்த அளவுதான் அடித்தது. வாழைக்கு, குலைக்கு, தண்ணீர் வாய்க்காலுக்கு எல்லாம் வைத்துப் பார்த்தோம். அதே அளவுதான்.

"உந்தப் பக்கம் வடிவாய்ப் பார் பிள்ளை," என்று மாமா பேணியின் அடியைக் காட்டக் கையை நீட்டினார்.

கருவி கடகடவென்று பொரிந்தது. கையை எடுத்தார்; அடங்கியது. மறுபடி நீட்டினார், மறுபடி பொரிந்தது.

மாமி கிட்ட வந்து பார்த்தார். "உங்கடை கைதான் கசியுது."

கையில் அவருடைய கடிகாரம் இருந்தது. உத்தியோகத்தில் சேர்ந்த வருடம் வாங்கியது. இருட்டிலும் பச்சையாய் மின்னும். அந்தக் காலத்தில் எண்களுக்கு ரேடியம் கலந்த மை பூசுவார்கள் என்று விளக்கினேன். கண்ணாடி உடையாதவரைக்கும் பெரிதாகப் பயமில்லை என்றேன்.

"பயமில்லை எண்டு நீயும் சொல்லுறாய்," என்று மெல்லச் சொன்னார் மாமா.

"முப்பது வருசமாய் எனக்குப் பக்கத்திலை படுத்துக் கசிஞ்சிருக்கிறார். நான் ஆரை எங்கை புதைக்கிறது?" என்று கேட்டுக்கொண்டே மாமி பேணியின் மண்ணைச் சேலைத் தலைப்பால் துடைத்தார். அவர் சிரித்ததை அன்றுதான் நான் முதன்முதல் சத்தமாகக் கேட்டேன். மாமாவுக்கும் வாயோரம் துடித்தது. அதை மறைக்கக் குனிந்து மண்வெட்டியை எடுத்தார்.

அன்று பின்னேரம் எல்லாருக்கும் பால்தேத்தண்ணி. மாமா முதலில் மணந்து பார்த்தார். பிறகு இரண்டாவது கோப்பையும் கேட்டார்.

ஆனால் கதை ஊர் வாசிகசாலைக்குப் போய்ச் சேரும்போது வேறாகிவிட்டது. மருமகள் மெஷின் கொண்டுவந்ததாகவும், தானே கடிகாரத்தைச் சந்தேகப்பட்டுக் கண்டுபிடித்ததாகவும் மாமா சொல்லியிருந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பழைய கடிகாரங்களோடு நாலைந்து பேர் வந்தார்கள். கருவியைத் திருப்பிக் கொடுத்தாயிற்று என்றேன்.

"அது தேவையில்லை," என்றார் மாமா. கடிகாரங்களை ஒரு பிஸ்கட் பெட்டிக்குள் வைத்து, போர்வையால் சுற்றி, அலுமாரிக்குள் பூட்டினார். "மூண்டு நாள் வெளிச்சமே படாமல் கிடக்கட்டும். வெளிச்சத்தைக் குடிச்சு மின்னுறது அதுக்குள்ளை அணைஞ்சுபோம். அதுக்குப் பிறகும் மின்னினால், அதுதான் ரேடியம்."

நான் யோசித்துப் பார்த்தேன். சரியான பரிசோதனை. சொல்லிக்கொடுக்க ஒரு திருத்தம்கூட எனக்கு அகப்படவில்லை. அடுத்த தவணை முதலாம் வருட மாணவர்களுக்கு அதையே செய்து காட்டினேன். மாமாவிடம் மட்டும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அடுத்த நாளே கம்பஸுக்கு வந்து நின்றிருப்பார்.